தட்டல் ஒலியைத் தேடியவர்: தோமஸ் மிட்ஜ்லியின் வாழ்வு

பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்திருப்பவனுக்குச் செவி தானாகவே கூர்மை அடைந்துவிடுகின்றது. என் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரை நாற்பது ஆண்டுகளாக ஓட்டி வருகின்றேன். வீட்டுப் பெரியவரின் இருமலைக் கேட்டே அவர் உடல்நிலையை வீட்டார் அறிவது போல, அதன் ஒலிகளைக் கேட்டே அதன் நலத்தை நான் அறிவேன். வால்வுகளின் இடைவெளி கூடினால் எஞ்சின் நின்ற நிலையிலேயே தையல் இயந்திரம் போலச் சடசடக்கும். பிஸ்டன் தண்டின் பெயரிங் தேய்ந்தால் அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற கனத்த இடி கேட்கும். இவ்விரண்டினும் வேறானது மூன்றாவது ஒலி. பாரத்தோடு மேட்டில் ஏறுகையில் கியரைக் குறைக்காது அக்சிலரேற்றரை அழுத்தினால், வெறுந்தகரத்துள் ஆணிகளை இட்டுக் குலுக்கினாற் போலக் கிணுகிணுவென்று அது எழும். காலைத் தளர்த்திய மாத்திரத்தே அடங்கிவிடும். மெக்கானிக்மார் இதனை நொக் என்பர். தட்டல் என்று நான் எழுதுகின்றேன்.

இந்தத் தட்டல் யாது, எங்கே பிறக்கின்றது என்பதனைக் கருவி கொண்டு ஆராய்ந்தோருள் முதன்மையானவர் தோமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர். இரசாயன ஆசிரியனாய் இருந்த காலத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அவருடைய கதையைச் சொல்லி வந்தேன். பிழையான கருத்தொன்றிலிருந்து சரியான கண்டுபிடிப்பு எவ்வாறு பிறக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் பெற்றோலுடன் ஈயச் சேர்வையைக் கலந்து தட்டலை அடக்கினார் என்பதோடு என் கதை முடிந்துவிடும். 1986ஆம் ஆண்டில் ஒருநாள், கதை முடிந்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, கலந்த ஈயம் பின்னர் எங்கே போகின்றது என்று வினவினாள். புகையோடு வெளியே போய்விடும் என்று விடை கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றேன். வகுப்பறை யன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், என் கார் நின்றுகொண்டிருந்தது. அவள் வினவியது எத்துணைப் பெரிய வினா என்பதனை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அன்று அரைகுறையாகச் சொன்ன அவ்வாழ்க்கையை இன்று முழுமையாகச் சொல்ல விரும்புகின்றேன்.

மண்ணெண்ணெயில் தொடங்கிய கதை

1990இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளில் எங்கள் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்தற்கரிய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை முடுக்குவோம். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வண்டி ஓடும், ஆனால் ஓயாது தட்டும். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைத் தம் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்பார். பின்னர் டிஸ்ரிபியூட்டரைச் சிறிது திருப்பிப் பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளுவார். அதிலும் அடங்காவிடில் சிலிண்டர் தலைக்கடியில் இன்னொரு கஸ்கற்றை இட்டு அமுக்கத்தைக் குறைத்துவிடுவார். ஓட்டத்தின் வலு குன்றும், தட்டல் தணியும். எங்கள் குடும்பத்திலே வைத்தியசாலைக்குப் போன அவசரப் பயணங்கள் இரண்டு அவ்வாறு மண்ணெண்ணெயில் நிகழ்ந்தவையே.

அமெரிக்காவிலும் தட்டல் பற்றிய ஆராய்ச்சி மண்ணெண்ணெயில்தான் தொடங்கியது என்பதனைப் பின்னர் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. கார்களுக்கு மின்சார முடுக்கியை அமைத்துப் புகழ்பெற்ற சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் ஒகையோ மாநிலத்து டேய்ற்றன் நகரில் டெல்கோ என்னும் கம்பனியை நடத்தி வந்தார். மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கு விளக்கேற்றவெனச் சிறிய மின்பிறப்பாக்கி ஒன்றை அவர் ஆக்கினார். வீட்டருகே பெற்றோலை வைத்திருப்பது தீ அபாயம் உடையதாகையால் அது மண்ணெண்ணெயில் இயங்கும்படி செய்யப்பட்டது. இயங்கியது, ஆனால் தட்டியது. கார்களிலும் அமுக்கத்தைக் கூட்டியபோதெல்லாம் இதே தொல்லை தோன்றிற்று. கெற்றரிங் புகுத்திய பற்றரிப் பொறிமுறையே இதற்குக் காரணம் என்று பழிகூறியோரும் இருந்தனர். அப்பழியைத் துடைக்கும் பணியை 1916இல் தம்மிடம் வேலைக்கு வந்த இளைஞர் ஒருவரிடம் அவர் ஒப்படைத்தார். அவ்விளைஞரே மிட்ஜ்லி.

இளமை

மிட்ஜ்லி 1889ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் போல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் புதுமைக் கருவிகள் ஆக்குவதில் ஈடுபட்டவர். தாய்வழிப் பாட்டனாரும் அத்தகையவரே. ஒகையோவின் கொலம்பஸ் நகரில் அவர் வளர்ந்தார். பேஸ்போல் ஆடும் சிறுவர்கள் பந்தை வளைந்து செல்லச் செய்வதற்கு அதில் வழவழப்பைத் தடவுவதுண்டு. அதற்குத் தக்க பொருளைத் தேடிய சிறுவன் மிட்ஜ்லி, எல்ம் என்னும் மரத்தின் ஒருவகைப் பட்டையை மென்றால் கிடைக்கும் சாறு மிகப் பொருத்தமானது என்று கண்டான் என்பர். பொருள்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பரீட்சித்துப் பார்க்கும் பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது.

1911இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் கற்றது இயந்திரப் பொறியியல், இரசாயனம் அன்று. பின்னாளில் அமெரிக்க இரசாயனவியலாளரின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த அவர், அத்துறையைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டவர். ஆயினும் கதையின் பிற்பகுதியை எண்ணும்போது வேறொன்றும் தோன்றுகின்றது. அவர் கண் என்றும் எஞ்சினின் மேலேயே இருந்தது.

தக்காளித் தகரமும் அயடீன் போத்தலும்

பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகின்றது. தக்க தருணத்தில் பிளக்கில் பொறி எழுகின்றது. சுவாலை அங்கிருந்து ஒழுங்காகப் பரவிச் செல்கின்றது. இவ்வாறு நிகழ்ந்தால் ஓசையில்லை. தட்டல் ஏன் எழுகின்றது? பொறி எழுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது என்று பலர் கருதினர். மிட்ஜ்லி இதனை ஊகத்துக்கு விடவில்லை. சிலிண்டரின் அமுக்கம் ஏறியிறங்கும்போது அதனோடு அசையும் சிறு கண்ணாடியிலிருந்து ஒளிக்கதிர் தெறித்து, சுழலும் உருளையில் சுற்றிய படச்சுருளில் கோடு வரையும்படி ஒரு கருவியை ஆக்கினார். தொடக்கத்தில் உருளையாக அவருக்கு உதவியது வெறும் தக்காளித் தகரம் என்பர்.

அக்கோடு கூறிய செய்தி தெளிவானது. அமுக்கம் பொறிக்குப் பின்னர் ஒழுங்காக ஏறுகின்றது. ஏறிவந்து, முடிவை நெருங்கும் தருணத்தில், செங்குத்தாகத் தாவுகின்றது. ஆகவே தட்டல் பொறிக்கு முன்னே நிகழ்வதன்று, பின்னே நிகழ்வது. கெற்றரிங்கின் பற்றரி குற்றமற்றது. சுவாலை சென்றடையாத கடைக்கோடியில் மிஞ்சி நிற்கும் கலவை, எரிந்த வாயுவால் நெருக்குண்டு சூடேறி, ஒரேயடியாக வெடிக்கின்றது என்பது இன்று தெளிந்த உண்மை. அவ்வெடிப்பின் அலை சிலிண்டர்ச் சுவரில் மோதுவதையே நாம் தட்டலாகக் கேட்கின்றோம். பொறி முந்தினாலும், அறைக்குள் கரி படிந்தாலும், எஞ்சின் மிகைச்சூடு கொண்டாலும், கலவையிற் காற்று மிகுந்தாலும், எரிபொருள் தரங்குன்றினாலும் இது நேரும். நல்ல மெக்கானிக் இவ்வைந்தையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தே காரணத்தைக் காண்பான். தட்டலைப் பொருட்படுத்தாது தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனிலேயே துளை விழுந்துவிடும்.

இனி, என் மாணவர்கள் மிக விரும்பிக் கேட்ட பகுதி வருகின்றது. மண்ணெண்ணெய் பெற்றோலிலும் கூடுதலாகத் தட்டுவதேன் என்று கெற்றரிங்கும் மிட்ஜ்லியும் சிந்தித்தனர். அது எளிதில் ஆவியாகாமையே காரணமாகலாம் என்று எண்ணினர். பனிக்காலம் முற்றும் நீங்குமுன்பே பூத்துவிடும் காட்டுச்செடி ஒன்று அவர்கள் நாட்டில் உண்டு. அதன் இலையின் அடிப்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்த்துக் கொடுப்பதனாலேயே அச்செடி முந்திப் பூக்கின்றது போலும். எனவே மண்ணெண்ணெய்க்குச் சிவப்பூட்டினால் அதுவும் விரைந்து ஆவியாகும் என்பது அவர்கள் வாதம். மிட்ஜ்லி சிவப்புச் சாயம் தேடிக் களஞ்சிய அறைக்குச் சென்றார். எண்ணெயிற் கரையும் சாயம் அங்கு இல்லை. நிறம் உடையது என்பதற்காக அயடீன் கிடைத்தது. அதைக் கரைத்து எஞ்சினை ஓட்டினார். தட்டல் நின்றுவிட்டது.

சாதாரண மனிதன் இத்துடன் மகிழ்ந்திருப்பான். மிட்ஜ்லி சிவப்புச் சாயங்கள் பலவற்றை வாங்கி ஒவ்வொன்றாகப் பரீட்சித்தார். ஒன்றும் பயன்தரவில்லை. பின்னர் நிறமற்ற அயடீன் சேர்வை ஒன்றை இட்டார். தட்டல் நின்றது. நிறம் காரணமன்று, அயடீனே காரணம் என்பது தெளிவாயிற்று. அவர் தம் கருத்தைத் தாமே உடைத்து, அதன் இடிபாட்டிலிருந்து உண்மையை எடுத்தார். விஞ்ஞானம் கற்பிப்பவன் மாணவர்களுக்குக் காட்டவேண்டிய நேர்மை இதுவே. இன்றும் இப்பகுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஐந்தாண்டுத் தேடல்

அயடீன் விலை கூடியது, உலோகத்தை அரிப்பது. ஆகவே வேறு பொருளை நாடித் தேடல் தொடங்கியது. இடையில் முதலாம் உலகப்போரின் பொருட்டு விமான எரிபொருள் ஆராய்ச்சியிலும் அவர் ஈடுபட்டார். போர் முடிந்தபின் தோமஸ் போய்ட் முதலிய துணைவர்களோடு தேடல் தொடர்ந்தது. அனிலீன் நன்கு பயன்பட்டது. அதன் நாற்றத்தைச் சகிக்க முடியவில்லை. செலேனியத்தையும் தெலூரியத்தையும் பரீட்சித்தனர். தெலூரியச் சேர்வையின் நாற்றம் உள்ளியின் நாற்றத்தைப் பன்மடங்காக்கியது போன்றது. உடையை மாற்றியும் அது உடலைவிட்டு நீங்காது. ஆய்வாளர்களோடு கூடியிருப்பது வீட்டாருக்கும் பெரும் சோதனையாயிற்று.

பின்னர் குருட்டுத் தேடலை விடுத்து, மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை வழிகாட்டியாகக் கொண்டனர். பரீட்சித்த மூலகங்களின் வலுவை அதில் குறித்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. அது ஒரு நிரலின் அடியிலிருந்த ஈயத்தைச் சுட்டி நின்றது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி தெத்திரா எதைல் ஈயம் என்னும் சேர்வை எஞ்சினில் இடப்பட்டது. மிகச் சிறிதளவிலேயே தட்டல் முற்றாக அடங்கிற்று. கலன் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கன சென்ரிமீற்றர் போதுமானதாயிற்று.

தட்டலை அளப்பதற்கும் அவரும் போய்ட்டும் ஒரு கருவி செய்தனர். சிலிண்டரில் பொருத்திய மெல்லிய தகட்டின்மேல் ஓர் ஊசி நிற்கும். தட்டல் நிகழ்ந்தால் ஊசி துள்ளி மின்சுற்றை இணைக்கும். அம்மின் ஒரு திரவத்திலிருந்து வாயுவைப் பிரிக்கும். சேர்ந்த வாயுவின் அளவே தட்டலின் அளவு. காது மட்டுமே கேட்டறிந்த ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் அளந்து காட்டிய அத்திறமையை எண்ணி இன்றும் வியக்கின்றேன்.

ஈயம் எங்கே போயிற்று

ஆனால் புதிய எரிபொருளுக்கு ஒரு குறை இருந்தது. எரிந்த ஈயம் ஒட்சைட்டாகிப் பிளக்குகளிலும் வால்வுகளிலும் படிந்தது. சில நாளில் எஞ்சின் செயலிழந்தது. அப்போது ஆய்வுகூடத்தார் தம்மையே கேட்டுக்கொண்டது, என் மாணவி கேட்ட அதே வினாவை. ஈயம் எங்கே போகின்றது? எஞ்சினுக்குள் தங்குகின்றது என்று கண்டனர். அதனை வெளியேற்ற வழிதேடினர். புரோமீன் சேர்வையொன்றை உடன் கலந்தால் ஈயம் ஆவியாகும் புரோமைட்டாக மாறிப் புகைக்குழாய் வழியே போய்விடும் என்று கண்டனர். எஞ்சின் துப்புரவாயிற்று. அதற்கு வேண்டிய பெருந்தொகைப் புரோமீனைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கவும் முயற்சிகள் நடந்தன. வினா அத்துடன் நின்றுவிட்டது. புகைக்குழாயின் வாய்வரை ஈயத்தைப் பின்தொடர்ந்தவர்கள், அதற்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கவில்லை. இதனைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் வகுப்பறையில் அதே இடத்திலன்றோ நின்றுவிட்டேன்?

ஈயம் நஞ்சு என்பது அக்காலத்தவர் அறியாததன்று. ஈயத் தொழிலாளர் படும் துன்பம் பண்டைக்காலந்தொட்டே தெரிந்தது. மிட்ஜ்லியும் 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈய நஞ்சினால் நலிவுற்று, புளோரிடா மாநிலத்துக்குச் சென்று சில வாரம் ஓய்வெடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி டேய்ற்றன் நகரில் புதிய பெற்றோல் முதன்முதலாக விற்கப்பட்டது. மே மாதத்தில் இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற கார்களும் அதனையே பயன்படுத்தியிருந்தன. அதற்கு இட்ட பெயர் எதைல். ஈயம் என்னும் சொல் அப்பெயரில் இல்லை.

1924இல் ஜெனரல் மோட்டோர்ஸும் நியூ ஜேர்சி ஸ்ராண்டட் ஒயில் கம்பனியும் கூடி எதைல் நிறுவனத்தை அமைத்தன. மிட்ஜ்லி அதன் உபதலைவரானார். அவ்வாண்டு ஒக்ரோபரில், நியூ ஜேர்சியின் பேவே என்னும் இடத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் இச்சேர்வையை ஆக்கிய தொழிலாளர்கள் சித்தங் கலங்கி வீழ்ந்தனர். ஐவர் மாண்டனர், முப்பதுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அம்மாதம் 30ஆம் திகதி மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் தோன்றினார். அச்சேர்வையைத் தம் கைகளில் ஊற்றிக் காட்டினார். ஒரு நிமிடம் வரை அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். நஞ்சினால் நலிந்து ஓய்வெடுத்து மீண்டவர் இதனைச் செய்தார் என்பதே என்னை வருத்துகின்றது. தம் கருத்துப் பிழையென்று தெரிந்ததும் சிவப்புச் சாயங்களைத் தூக்கியெறிந்த அதே மனிதர், இப்போது விடையை முன்னரே தீர்மானித்துவிட்டு வந்து நின்றார்.

1925 மே மாதத்தில் விற்பனை நிறுத்தப்பட்டு, விசாரணைக் கூட்டம் கூடியது. யேல் பல்கலைக்கழகத்து யாண்டெல் ஹெண்டர்சன், ஹாவாட் பல்கலைக்கழகத்து அலிஸ் ஹமில்ற்றன் அம்மையார் ஆகியோர் பொதுமக்களுக்கு வரக்கூடிய தீங்கை எடுத்துரைத்தனர். 1926 தொடக்கத்தில் நிபுணர் குழு, தடைசெய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றும், ஆராய்ச்சி தொடரவேண்டும் என்றும் முடிவு கூறிற்று. விற்பனை மீண்டும் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டளவும் ஆராய்ச்சி பெரும்பாலும் அத்தொழிலார் பணத்திலேயே நடந்தது. மதுசாரத்தைக் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியாததன்று; அவரே அதனைப் பரீட்சித்திருந்தார். மதுசாரம் எவரும் வடிக்கக்கூடியது. ஈயச் சேர்வை ஒரு கம்பனியின் உரிமைப் பொருள்.

நீதியின் பொருட்டு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தட்டல் அடங்கியதனால் எஞ்சின்களின் அமுக்கத்தைக் கூட்ட முடிந்தது. அதே பெற்றோலிலிருந்து கூடிய வலு கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் பெற்ற ஆற்றலுக்கும் இச்சேர்வை துணை. மிட்ஜ்லியை ஒரு கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. அவருடைய ஆற்றலும் உழைப்பும் பொய்யல்ல.

இரண்டாவது கண்டுபிடிப்பும் முடிவும்

குளிர்சாதனப் பெட்டிகளில் அக்காலத்திற் பயன்பட்ட வாயுக்கள் நஞ்சானவை அல்லது எளிதில் தீப்பற்றுபவை. தீங்கற்ற ஒன்றைத் தேடும்படி கேட்கப்பட்ட மிட்ஜ்லி, மீண்டும் ஆவர்த்தன அட்டவணையை நாடி, புளோரீனும் குளோரீனும் காபனும் சேர்ந்த சேர்வையொன்றைத் துணைவர்களோடு விரைவிற் கண்டார். 1930இல் இரசாயனவியலாளர் சபை முன்னிலையில் அதனை முகர்ந்து, மெழுகுதிரியின் சுடர்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சுமன்று, தீப்பற்றுவதுமன்று என்று ஒரே மூச்சில் காட்டிய செயல் அது. அவ்வாயு வளிமண்டலத்தின் உயரத்துக்குச் சென்று ஓசோன் படையை அழிக்கும் என்பது 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் ஆராய்ந்து கூறும்வரை எவருக்கும் தெரியாது. ஆகவே இதனையும் ஈயத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. ஒன்று அறியாமையால் வந்தது. மற்றையது எச்சரிக்கையைக் கேட்டும் கேளாமையால் வந்தது.

விருதுகள் பல அவரை வந்தடைந்தன. 1941இல் பிறீஸ்லி பதக்கம் பெற்றார். 1944இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவரானார். ஆனால் 1940இல், தமது 51ஆம் வயதில், இளம்பிள்ளைவாத நோய் அவர் கால்களை முடக்கியிருந்தது. அப்போதும் அவரிடமிருந்த பொறியியலாளர் ஓயவில்லை. பிறர் உதவியின்றிப் படுக்கையிலிருந்து எழுவதற்காகக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட அமைப்பொன்றைத் தாமே வகுத்தார். 1944 நவம்பர் 2ஆம் திகதி, ஒகையோவில் தம் இல்லத்தில், அக்கயிறுகள் கழுத்தை இறுக்க அவர் இறந்தார். வயது 55. விபத்து என்று வெளியே அறிவிக்கப்பட்டது. தாமே முடிவைத் தேடிக்கொண்டார் என்று கருதுவோரும் உளர். இதனைத் தெய்வத் தண்டனை என்று எழுதுவோரைக் கண்டிருக்கின்றேன். நடக்க முடியாத ஒரு மனிதன் எழுந்து அமர ஆக்கிய கருவியில் மாண்டதைப் பார்த்து அவ்வாறு கூற என் மனம் ஒப்பவில்லை.

புகைக்குழாய்க்கு அப்பால்

மாணவியின் வினாவுக்கு விடை, எஞ்சினோடு தொடர்பேயில்லாத ஒருவரிடமிருந்து வந்தது. கிளேர் பற்றர்சன் என்னும் அமெரிக்கர் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் வெளியிட்டவர். அந்த ஆய்வில் எங்கிருந்தோ வந்த ஈயம் அவருடைய அளவைகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. காற்றிலும் தூசியிலும் அது இருந்தது. பின்னர் ஆழ்கடல் நீரை ஆராய்ந்து, மனிதர் செய்கையால் உலகமெங்கும் ஈயம் பரவிவிட்டது என்று 1965இல் எழுதினார். வளரும் குழந்தைகளின் மூளையை மிகச் சிறிதளவு ஈயமும் பாதிக்கும் என்பதனை மருத்துவ ஆய்வுகள் அடுத்தடுத்துக் காட்டின. நாடுகள் ஒவ்வொன்றாக ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டன. இலங்கை 2002இல் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியா கைவிட்டதோடு, சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அது உலகெங்கும் இல்லாதொழிந்தது. டேய்ற்றன் நகரில் முதல் விற்பனை நடந்து 98 ஆண்டுகள் கடந்திருந்தன.

இன்று ஈயமின்றியே தட்டல் அடக்கப்படுகின்றது. பெற்றோலின் கூறுகளைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே மாற்றி அமைத்து 92, 95 என்று தரம் உயர்த்துகின்றனர். புதிய கார்களின் எஞ்சினில் ஒரு சிறு மின் செவி பொருத்தப்பட்டிருக்கின்றது. அது தட்டலைக் கேட்ட மாத்திரத்தே பொறியைப் பின்தள்ளிவிடும். எங்கள் ஊர் மெக்கானிக் திருப்புளியும் காதும் கொண்டு செய்த வேலை அது.

என் பழைய காருக்கு அத்தகைய செவி இல்லை. ஈயம் நீங்கியபின், அதன் படிவு தந்த காப்பை இழந்த வால்வு இருக்கைகள் தேய்ந்தன. கடினமான உலோகத்தில் வேறு இருக்கைகள் பொருத்தவேண்டியதாயிற்று. சில மாதங்களுக்கு முன் மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதையில் கிணுகிணுப்புக் கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டேன். டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகைச் சிறிது திருப்பிப் பொறியைப் பின்தள்ளிவிட்டு மீண்டும் புறப்பட்டேன். ஒலி அடங்கிற்று. எனினும் அத்துடன் விட்டுவிடவில்லை. ஊர் திரும்பியதும் சிலிண்டர்த் தலையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கரி தடித்துப் படிந்திருந்தது. ஒலியை அடக்குவது வேறு, குறையைக் களைவது வேறு என்பதனை அக்கரியைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் நினைத்தேன்.

ஓய்வுபெறுவதற்கு முன் கடைசிச் சில ஆண்டுகள் மிட்ஜ்லியின் கதையை வகுப்பில் முழுமையாகவே சொன்னேன். சிவப்பு இலையில் தொடங்கி அயடீன் போத்தலுக்கு வந்து, ஈயத்தைப் பின்பற்றிப் புகைக்குழாயின் வாயில்வரை சென்று, அங்கே நிறுத்தி, இனி எங்கே என்று மாணவர்களையே கேட்பேன். 1986இல் அவ்வினாவை எழுப்பிய மாணவி, போர் எம்மைச் சிதறடித்த நாளில் எந்தத் திசைக்குச் சென்றாளோ அறியேன். இதனைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் தந்த விடை குறையானது என்பதனை அவள் அறிந்துகொள்ளட்டும்.